கோழிக் கொட்டகையில் ஒரு ஸ்டூடியோ

சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு காமிரா வாங்கியாயிற்று. அத்துடன் ஆசை அடங்கிவிடுகிறதா? "லென்ஸ் போதாது" என்று தோன்றுகிறது. லென்ஸ் வாங்கினால், "வெளிச்சம் போதாது" என்று தோன்றுகிறது. விளக்கு, குடை, ஸ்டாண்டு என்று கடைக்காரர் ஜாபிதாவை நீட்டுகிறார். வீட்டிலோ, "இன்னும் எத்தனை ஆயிரம்?" என்ற கேள்வி! போட்டோப் பித்துப் பிடித்தவர்கள் வீட்டில் எல்லாம் நடக்கும் கதைதான் இது.

இந்தப் பித்து இன்று நேற்று வந்ததல்ல. 1863-ம் ஆண்டு முடியும் தறுவாயில் இங்கிலாந்தில் ஓர் அம்மாளுக்கு இது பிடித்தது. அப்போது அவருக்கு வயது 48. வளர்ந்த பிள்ளைகள் உண்டு; குடும்பத்துக்கு வருமானம் நிச்சயமில்லை. அவர் பெயர் ஜூலியா மார்கரெட் காமெரான். (பெயரிலேயே காமிரா இருப்பது தற்செயல்தான்!)

கல்கத்தாவில் பிறந்தவர்

ஜூலியா பிறந்தது 1815-ல், நம் கல்கத்தாவில். தகப்பனார் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. 1838-ல் சார்லஸ் ஹே காமெரான் என்ற சட்ட நிபுணரை மணந்தார். கணவர் அவரைவிட 20 வயது மூத்தவர். ஒரு விசாரணைக் கமிஷனில் இலங்கைக்குப் போயிருந்த கணவருக்கு அந்த நாட்டின் மீது மாளாத மோகம். அங்கே நிலம் வாங்கினார். காப்பித் தோட்டம் போட்டார்.

1848-ல் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. 1860-ல் வைட் தீவில் பிரஷ்வாட்டர் என்ற ஊரில் குடியேறினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் யார் தெரியுமா? மகாகவி டென்னிசன்! தங்கள் வீட்டுக்கு இலங்கைத் தோட்டத்தின் நினைவாக "டிம்போலா" என்று பெயர் வைத்தார்கள். காப்பி காய்ப்பது இலங்கையில்; குடும்பம் நடப்பது இங்கிலாந்தில். அங்கே விளைச்சல் குறைந்தால் இங்கே கடன் ஏறும்.

கணவர் தோட்டத்தைப் பார்க்க இலங்கை போயிருந்த சமயம். தனியாக இருக்கும் தாய்க்குப் பொழுது போகட்டுமே என்று மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தார்கள்.

முட்டைக் காசு போயிற்று

நிலக்கரி போட்டிருந்த அறை இருட்டறை ஆயிற்று. கண்ணாடி பதித்த கோழிக் கொட்டகையே ஸ்டூடியோ ஆயிற்று. கோழிகள்? அவற்றுக்கு விடுதலை கொடுத்ததாகவும், யாரும் அவற்றைத் தின்றுவிடவில்லை என்று நம்புவதாகவும் அந்த அம்மாளே பிற்பாடு எழுதி வைத்தார். முட்டையில் பையன்களுக்குக் கிடைத்து வந்த காசு மட்டும் நின்று போயிற்று.

முதலில் ஒரு குடியானவரைப் பிடித்து உட்கார வைத்தார். மணிக்கு இரண்டரை ஷில்லிங் கூலி. பல மணி நேரம், பல இரண்டரை ஷில்லிங் செலவான பின் ஒரு படம் தேறியது. வெற்றி மிதப்பில் அதைக் கையில் தூக்கிப் பிடித்தார். கை பட்டுப் படமே அழிந்தது! காசும் போயிற்று, படமும் போயிற்று. 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் படம் நன்றாக வந்தபோது, வீடு முழுக்க ஓடி அந்தக் குழந்தைக்குப் பரிசுப் பொருள் தேடினாராம்.

அந்தக் காலத்தில் போட்டோ எடுப்பது லேசான வேலையல்ல. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையை ஊற்றி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, அதற்குள்ளேயே கழுவியும் ஆகவேண்டும். கைவிரல்கள் கறுத்துப் போகும். சோப்புப் போட்டாலும் போகாது. சீமாட்டிகள் கையுறை மாட்டிக்கொண்டு உலாவிய காலத்தில் அந்த அம்மாள் கறுத்த கையோடுதான் விருந்தாளிகளை வரவேற்றார்.

பெரிய லென்ஸ் வந்தது

முதல் லென்ஸ் ஜாமின் என்ற பிரெஞ்சுக்காரர் தயாரித்தது. தகடு ஏறக்குறைய 11 அங்குலத்துக்கு 9 அங்குலம். தகடு எவ்வளவு பெரிதோ, படமும் அவ்வளவுதான். தகட்டைத் தாளின் மேல் வைத்து அச்செடுப்பதே அன்றைய வழக்கம். ஆகவே மனித முகத்தை ஆள் அளவுக்குக் காட்ட வேண்டுமானால், காமிராவும் லென்ஸும் பெரிதாக வேண்டும்.

1866 வாக்கில் இரண்டாவது காமிரா வந்தது. 15 அங்குலத்துக்கு 12 அங்குலத் தகடு. லென்ஸ் லண்டன் டால்மேயர் கம்பெனியுடையது. குவிய தூரம் 30 அங்குலம்.

இங்கேதான் ஒரு சங்கடம். இவ்வளவு நீண்ட லென்ஸை முகத்துக்கு அருகே கொண்டு போனால், தகட்டில் விழும் வெளிச்சம் குறைந்து விடும். சரியாக ஆள் அளவுக்கு எடுத்தால் நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும். பணம் போட்டு வாங்கிய லென்ஸ் வெளிச்சத்தைக் கூட்டவில்லை, குறைத்தது! எதிரே உட்கார்ந்தவர் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியதாயிற்று. கண்ணில் கூர்மை இருந்தால் காதில் இராது. மூச்சு விட்டால் கூடப் படம் கலங்கும். போட்டோச் சங்கத்துப் பத்திரிகை "ஒழுங்கற்ற வேலை" என்ற தோரணையில் சாடியது. அந்த அம்மாள் அசையவில்லை. எந்த இடத்தில் முகம் அழகாகத் தெரிகிறதோ, அதுவே சரியான இடம் என்று அங்கேயே நிறுத்திக் கொண்டார்.

திரைச்சீலையே விளக்கு

விளக்கு விஷயத்தில் அவர் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். கண்ணாடிக் கொட்டகையில் எல்லாப் பக்கமும் வெளிச்சம் வரும். மற்ற ஸ்டூடியோக்காரர்கள், படம் சீக்கிரம் எடுபடும் என்று அத்தனையையும் உள்ளே விட்டார்கள். முகம் தட்டையாக விழுந்தது. காமெரான் அம்மாள் திரைகளை இழுத்து மூடினார். ஒரு பக்கத்திலிருந்தோ, மேலிருந்தோ மட்டும் வெளிச்சம் விழச் செய்தார். பின்னால் கறுப்புத் துணி. உட்காருபவர் தோளிலும் கருநிறப் போர்வை. முகம் மட்டும் இருளிலிருந்து எழுந்து வந்தது.

1867-ல் வானநூல் மேதை ஜான் ஹெர்ஷலைப் படம் எடுத்தபோது, நரைத்த தலையைக் கழுவிவிட்டு வரச் சொன்னாராம். பஞ்சாகப் பறக்கும் முடியில் வெளிச்சம் பட்டு ஒளி வட்டம் போலத் தெரிவதை இன்றும் அந்தப் படத்தில் காணலாம். செலவு? ஒரு வாளித் தண்ணீர். வீட்டு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியரே தேவமாதாவாகப் படங்களில் காட்சியளித்தாள்.

இன்றைக்கும் கணக்கு அதிகம் மாறவில்லை. காமிராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸ், நீட்டிப் பிடித்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. பல கம்பெனிகள் விற்கும் மலிவான 50 மி.மீ. லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்கு. ஆனால் சிறிய சென்சார் உள்ள காமிராவில் அதை மாட்டி ஓர் ஆளை முழு உருவமாக எடுக்க, 15 அடியாவது பின்னால் போக வேண்டும். பத்தடி அறைக்காரர் சுவரை இடித்துக் கொள்ள வேண்டியதுதான்! விளக்குக்கு அவசரமே இல்லை. ஒரு பக்கம் ஜன்னல், மறு பக்கம் வெள்ளைத் தெர்மோகோல் அட்டை, பின்னால் ஒரு கறுப்புப் போர்வை. அந்த அம்மாளின் கொட்டகை தயார்.

காப்பிக்கு வந்த நோய்

இத்தனையும் வெறும் பொழுதுபோக்கு அல்ல. படங்களை விற்று வரும்படி தேட அவர் படாத பாடு பட்டார். பதிப்புரிமை பதிந்தார், டென்னிசன், கார்லைல் போன்ற பெரிய மனிதர்களிடம் படத்தின் அடியில் கையெழுத்து வாங்கினார். தென் கென்சிங்டன் மியூசியத் தலைவர் ஹென்றி கோல், 1868-ல் அவருக்கு ஸ்டூடியோவாக இரண்டு அறைகளைக் கொடுத்தார். அதே ஆண்டு டார்வின் வந்து உட்கார்ந்து, தம்மை எடுத்த படங்களிலேயே இதுதான் மிகவும் பிடித்தது என்று எழுதிக் கொடுத்தார். பெயர் வந்தது, குடும்பக் கஷ்டம் தீரும் அளவுக்குப் பணம் வரவில்லை.

1869-ல் இலங்கைக் காப்பிச் செடியில் இலைத் துரு நோய் கண்டது. 1875-ல் வீட்டை விட்டு, கணவரும் மனைவியும் பிள்ளைகள் இருந்த இலங்கைக்கே கப்பலேறினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டு போனார்களாம்.

வெப்பத்தில் ஈரத் தகட்டு வேலை படாத பாடு. அங்கே அவர் எடுத்தவற்றில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. தோட்டத்து ஆட்களும் கிராமத்து ஜனங்களும் அவற்றில் இருக்கிறார்கள். 1877-ல் களுத்துறை வீட்டுக்கு வந்த ஓவியர் மரியான் நார்த்தைக் காஷ்மீர் சால்வையில் போர்த்தி, தலைக்கு மேல் குத்தும் தென்னங் கீற்றை வைத்து, "இயற்கையாக இருங்கள்" என்று சொன்னாராம். வெயில் 96 டிகிரி! 12 தகடுகள் பாழாயின. படம் சரியாக வரவில்லை என்று நார்த்தே எழுதியிருக்கிறார்.

1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில், மகனுடைய தோட்டத்தில் காமெரான் அம்மாள் காலமானார். அடுத்த ஆண்டு கணவரும் போனார். மலைநாட்டில் பொகவந்தலாவை மாதா கோவில் தோட்டத்தில் இருவரும் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.