பொதுவிடமும் அச்சமின்மையும்

1997ஆம் ஆண்டு மே மாதத்தில், டென்மார்க்கு நாட்டிலிருந்து நியூயோர்க் நகருக்கு வந்திருந்த தாயொருவர், பதினான்கு மாதம் நிரம்பிய தம் குழந்தையைத் தள்ளுவண்டியிலிட்டு ஓர் உணவுச்சாலையின் வெளிப்புறத்தே நிறுத்திவிட்டு, உள்ளே சாளரத்தின் அருகில் அமர்ந்து உணவருந்தினார். வழிப்போக்கர் சிலர் அதனைக் கண்டு திடுக்கிட்டுப் பொலிசாருக்கு அறிவித்தனர். தாயும் உடனிருந்த தந்தையும் கைதுசெய்யப்பட்டனர்; குழந்தை சில நாட்கள் பிறர் பராமரிப்பில் வைக்கப்பட்டது. வழக்குப் பின்னர் கைவிடப்பட்டது. கொப்பன்கேகன் நகரிலோ இச்செயல் எவரும் திரும்பிப் பாராத நாளாந்த வழக்கமாகும். குழந்தை வெளிக்காற்றில் உறங்குவது உடலுக்கு நன்று என்பது அந்நாட்டாரின் நெடுங்காலக் கொள்கை. ஆதலால் குளிர்காலத்திலுங்கூட, கம்பளியாற் போர்த்த குழந்தைகள் சிற்றுண்டிச்சாலைகளின் வாயிலில் வரிசையாக உறங்குவதைக் காணலாம்.

செயல் ஒன்றே, நகரங்கள் இரண்டு. ஒன்றில் அது நல்ல வளர்ப்பு, மற்றொன்றிற் குற்றம். நியூயோர்க்கில் அன்று அக்குழந்தைக்கு உண்மையில் நேரக்கூடிய இடர் எவ்வளவு என்று கணித்து எவரும் பொலிசாரை அழைத்தாரல்லர். தெருவிற் செல்லும் அயலான் எத்தகையவன் என்பது பற்றி ஒவ்வொரு நகர மக்களும் தம் உள்ளத்திற் கொண்டுள்ள கருத்தே அங்குத் தொழிற்பட்டது. பாதுகாப்பு என்னும் சொல் இரு பொருள்களை ஒருங்கே சுமந்து நிற்கின்றது. ஓரிடத்தில் தீங்கு நிகழாதிருத்தல் ஒன்று. அங்குச் செல்வோர் தீங்கை எண்ணி அஞ்சாதிருத்தல் மற்றொன்று. முன்னதனை இடரின்மை என்றும், பின்னதனை அச்சமின்மை என்றும் பிரித்து வழங்கலாம்.

இவ்விரண்டும் எப்போதும் இணைந்து செல்வன அல்ல. குற்றப் பதிவேடுகள் இடரின்மையையே அளக்கின்றன. அதனையும் அரைகுறையாகவே அளக்கின்றன. பொழுது சாய்ந்தபின் வீட்டைவிட்டு வெளிவராத முதியவரைத் தெருவிற் கொள்ளையடிக்க எவராலும் இயலாது. மாலை வகுப்பிற்குச் செல்வதையே கைவிட்ட பெண்ணுக்கு வழியில் எத்தீங்கும் நேரப்போவதில்லை. பதிவேட்டிற் குற்ற எண்ணிக்கை குறைகின்றது, அதிகாரிகளும் மகிழ்கின்றனர். ஆனால் அக்குறைவின் ஒரு பகுதி, அஞ்சி ஒதுங்கியோர் தம் உரிமையை இழந்து கொடுத்த விலையாகும். அவ்விலை எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படுவதில்லை.

அச்சமின்மையை நேரே வினவி அறிய முயல்வோரும் உளர். அமெரிக்காவின் கலப் நிறுவனம் 2006ஆம் ஆண்டு தொடக்கம் பற்பல நாடுகளில் ஒரே வினாவைத் தொடுத்து வருகின்றது. தாம் வாழும் நகரில் அல்லது பகுதியில் இரவிலே தனியே நடக்கும்போது பாதுகாப்பாக உணர்கின்றனரா என்பதே அவ்வினா. சிங்கப்பூரில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் ஆம் என்கின்றனர். தென்னாபிரிக்காவில் அவ்வாறு கூறுவோர் பாதிக்கும் குறைவு. இவ்வினா எளிதாயினும் குறைபாடற்றதன்று. மோட்டார் வண்டியின்றி வெளியே செல்லாதவர், தாம் ஒருபோதும் நடந்திராத தெருவைப் பற்றி விடை பகர்கின்றார். எனினும் ஓர் உண்மை இதனால் வெளிப்பட்டது. ஒரே நாட்டில், ஒரே தெருவைக் குறித்து, ஆடவர் கூறும் விடை வேறு. பெண்டிர் கூறும் விடை வேறு. 2012இல் வெளியான முடிவுகளின்படி, இவ்விடைவெளி வறிய நாடுகளிலும் பார்க்கச் செல்வம் மிகுந்த நாடுகள் பலவற்றிற் பெரிதாயிருந்தது. ஆகவே, ‘இந்த நாடு பாதுகாப்பானது’ என்ற கூற்றைக் கேட்டவுடன், யாருக்கு, எந்நேரத்தில் என்று வினவுதல் தகும்.

இதற்கு யப்பானிலும் பார்க்கச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை எனலாம். அந்நாட்டில் ஆறு வயதுச் சிறுவர் பெற்றோர் துணையின்றித் தாமாகவே பாடசாலைக்கு நடந்து செல்கின்றனர். பெருநகரங்களிற் புகையிரதமேறிச் செல்வோரும் உளர். தெருமுனைகளிற் கோபன் எனப்படும் சிறு பொலிஸ் காவலகங்கள் உள்ளன. நாடு முழுவதிலும் இவை ஆறாயிரத்துக்கு மேற்பட்டவை. அங்குள்ள காவலரின் நாளாந்த அலுவலிற் பெரும்பகுதி கள்வரைப் பிடிப்பதன்று. வழி கேட்போருக்கு வழி காட்டுதல், சுற்றுப்புற வீட்டாரை அறிந்துவைத்தல், கண்டெடுக்கப்பட்ட பொருள்களை ஏற்றல் என்பனவே அது. தோக்கியோப் பொலிசாரிடம் ஆண்டுதோறும் ஒப்படைக்கப்படும் பொருள்கள் அண்மைக் காலத்தில் நாற்பது இலட்சத்தைத் தாண்டியுள்ளன. 2018இல் ஒப்படைக்கப்பட்ட குடைகள் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கு மேல். அவற்றைத் தேடி வந்த உரிமையாளரோ நூற்றுக்கு ஒருவர் அளவினரே. எவருக்கும் வேண்டாத குடையையும் எடுத்துச் சென்று ஒப்படைக்கும் பழக்கத்தில் அந்நகரின் நம்பிக்கை புலப்படுகின்றது.

அதே தோக்கியோவில் 1912ஆம் ஆண்டிலேயே காலை மாலை நெருக்கடி வேளைகளில் மாணவியருக்கென மகளிர் தனிப்பெட்டிகள் விடப்பட்டன. 2000ஆம் ஆண்டின் இறுதியில் கெயோ புகையிரதப் பாதை நள்ளிரவை அண்டிய வேளையில் மகளிர் பெட்டியை மீண்டும் தொடங்கிற்று. ஏனைய பாதைகளும் பின்பற்றின. நெரிசலைப் பயன்படுத்திப் பெண்களைத் தீண்டும் இழிசெயலே அதற்குக் காரணம். தொலைந்த பணப்பை திரும்பி வரும் நகரில், பெண்ணொருத்தி பெட்டியில் நிம்மதியாக நிற்க இயலவில்லை. பம்பாயிலும் 1992இல் முழு வண்டியையுமே மகளிர்க்காக விட்டனர். இத்தகைய ஏற்பாடுகள் உடனடித் துயரைத் தீர்ப்பன என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு பெட்டியைப் பெண்களுக்கென ஒதுக்குங்கால், எஞ்சிய பெட்டிகள் யாருக்கு உரியன என்ற கேள்வி எழாமற் போகாது.

பொதுவிடத்தின் அச்சத்தைப் போக்க அரசுகள் பண்டு தொட்டுக் கையாண்ட வழிகள் இரண்டு: விளக்கும் காவலரும். 1667இல் பாரிசு நகரின் பொலிஸ் அதிபதியாக அமர்த்தப்பட்ட லா றெனீ, தெருக்களில் மெழுகுதிரி விளக்குகளைத் தொங்கவிட ஏற்பாடு செய்தார். 1829இல் இலண்டனிற் பெருநகரப் பொலிஸ் படை நிறுவப்பட்டபோது, சிவப்பு உடை தரித்த போர்வீரரினின்று வேறுபடுத்திக் காட்டுதற்காகக் காவலருக்கு நீலவுடை அளிக்கப்பட்டது. காவலனே அச்சந் தருபவனாகக் கூடாதென்ற கருத்து அவ்வுடையில் அமைந்திருந்தது. இது பல நாடுகள் இன்னும் கற்க வேண்டிய பாடமாகும்.

விளக்கும் காவலரும் போதா என்பதை 1961இல் ஜேன் ஜேக்கப்சு என்னும் அம்மையார், அமெரிக்கப் பெருநகரங்களின் சாவும் வாழ்வும் பற்றிய தமது நூலில் விளக்கினார். நியூயோர்க்கின் அட்சன் தெருவில் வாழ்ந்த அவர் தாம் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். எட்டொன்பது வயதுச் சிறுமியொருத்தியை ஒருவன் தன்னோடு வருமாறு வற்புறுத்த, அவள் மறுத்துச் சுவரோடு ஒட்டி நிற்கின்றாள். இறைச்சிக் கடைக்காரரின் மனைவி வெளியே வருகின்றார். மதுச்சாலையில் இருந்தோர் வாயிலுக்கு வருகின்றனர். மேல்மாடிச் சாளரங்கள் திறக்கின்றன. ஒருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை, அவனோ சூழப்பட்டுவிட்டான். அவன் அச்சிறுமியின் தந்தை என்பது பின்னரே தெரியவந்தது! தெருவைக் காப்பது தெருவின் மீதுள்ள கண்களே என்பது அம்மையாரின் முடிபு. கடைகளும் வீடுகளும் கலந்து, எந்நேரமும் எவரேனும் நடமாடும் தெருவில் அக்கண்கள் கூலியின்றிக் கிடைக்கும்.

இதன் மறுதலையைச் செயின்ற் லூயி நகரிற் கண்டனர். 1950களின் நடுப்பகுதியில் அங்கே புருவிற்-ஐகோ என்ற பெயரில் 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் பதினொரு மாடி கொண்டனவாக எழுப்பப்பட்டன. யாருக்கும் உரியனவல்லாத நடைகூடங்களும் மாடிப்படிகளும் யாராலும் கவனிக்கப்படாமல் அச்சத்தின் உறைவிடமாயின. வறுமையும் பராமரிப்பின்மையும் அதனைப் பெருக்கின. 1972இல் அக்கட்டடங்களை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினர்.

எனினும் கண்கள் என்ற விளக்கமும் முழுமையானதன்று. தோக்கியோவின் நெரிசல் வண்டியிற் கண்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவரை ஒருவர் அறியாத கண்கள் அவை, காணினும் வாய் திறவாதவை. சில வேளைகளில் அச்சத்துக்குக் காரணமே அக்கண்கள்தாம். எனவே, அஞ்சுபவர் எவரோ அவரிடமே வினவி இடத்தை அமைக்கும் முறை அண்மைப் பதிற்றாண்டுகளில் வலுப்பெற்றது. ஒசுத்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் 1990களின் பிற்பகுதியில் நிகழ்த்திய ஆய்வொன்று, ஒன்பது வயதைக் கடந்த சிறுமியர் பொதுப் பூங்காக்களிலிருந்து மெல்ல மறைந்துவிடுவதை வெளிப்படுத்திற்று. பூங்காவின் நடுவே ஒரே திறந்த வெளி. அதனைப் பந்தாடும் சிறுவர் கைக்கொண்டனர். சிறுமியர் போட்டியிடாமல் விலகினர். தடுத்தவர் எவருமில்லை, குற்றமும் நிகழவில்லை, பதிவேட்டில் ஒன்றும் இல்லை. 1999 முதல் மார்கரேற்றன் என்னும் பகுதியிலுள்ள இரு பூங்காக்களை நகராட்சியினர் மாற்றியமைத்தனர். பெருவெளி செடிகொடிகளாற் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது, நடைபாதைகள் கூடின, கைப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் வகுக்கப்பட்டது. சிறுமியர் திரும்பி வந்தனர்.

கனடாவின் மொன்றியல் நகரில் மேற்கொண்ட முயற்சி இதனினும் எளியது. 1996ஆம் ஆண்டு முதல், மாலைக்குப் பின் தனியே பயணஞ் செய்யும் பெண் கேட்டுக்கொண்டால், பேருந்தின் சாரதி இரண்டு தரிப்பிடங்களுக்கு இடையே, அவள் செல்லவேண்டிய வாயிலுக்கு அண்மையில் வண்டியை நிறுத்துவார். அதற்கென நாட்டப்பட்ட விளக்கும் இல்லை, அமர்த்தப்பட்ட காவலரும் இல்லை. இருளில் நடக்கும் தூரம் மாத்திரம் ஒரு தெரு குறைகின்றது.