தரிசு நிலத்து வானம்பாடி

மேய்ச்சல் தரிசுகளிலும், அறுவடையான புன்செய்களிலும், நீர் வற்றிய ஏரிகளிலும் தரையில் ஓடியாடி இரை தேடும் சிறு பக்ஷிகளைக் குடியானவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். அவற்றை ஊர்க்குருவியென்றே பலர் எண்ணிவிடுவதுண்டு. அவற்றுள் ஒன்று சாம்பல்தலை வானம்பாடி.

இது சுமார் 5 அங்குல நீளமும் தடித்த குட்டை அலகும் உடையது. ஆணின் உச்சந்தலை சாம்பல் நிறம், கன்னம் வெளுப்பு, கண்ணை ஊடுருவிச் செல்லும் கோடும், மோவாய் முதல் வயிறு வரையுள்ள அடிப்பாகமும் கறுப்பு. பெண்ணோ மண்ணிறமானது, தரையில் பதுங்கினால் அருகிலிருந்தும் புலப்படாது.

வேறிரண்டு வானம்பாடிகளையும் இதனோடு மயங்கலாகாது. தலையிற் சிறு கொண்டையுடன், ஆகாயத்தில் வெகு உயரத்தில் நின்று நெடுநேரம் பாடுவது ஒன்று. சிறகில் செந்நிறம் தோன்ற, புதரிலும் தந்திக் கம்பியிலும் அமர்வது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் வயிறு கறுப்பாயிராது.

சாம்பல்தலை வானம்பாடியின் ஆண் செய்யும் வித்தை விசேஷமானது. சிறகடித்துச் சுமார் 100 அடி உயரம் எழும்பிச் சிறகுகளை ஒடுக்கிக்கொண்டு தலைகீழாய்ப் பாயும். தரையை நெருங்குமுன் அவ்வேகத்தாலேயே மீண்டும் மேலெழும். இவ்வாறு பலமுறை செய்து, நீண்ட சீழ்க்கையொலி எழுப்பி, இறுதியில் ஒரு மண்கட்டியின்மேல் வந்து அமரும்.

கூடும் தரையிலேயே உள்ளது. மண்கட்டி அல்லது புற்குத்தின் ஓரத்துப் பள்ளத்தில் புல்லும் மயிரும் பரப்பி, சுற்றிலும் சிறு கற்களை வைத்து, இரண்டு அல்லது மூன்று முட்டையிடும். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கும். இப்பக்ஷிகள் புல்விதைகளையும் பூச்சிகளையும் தின்பவை. குஞ்சுகளுக்குப் பூச்சிகளையே ஊட்டுகின்றன.

தரையிற் கூடு கட்டுவதால் தீயும், ஏரும், நாயும் இவற்றிற்குச் சத்துருக்கள். இவற்றினும் பெரிய கேடு வேறொன்றுண்டு. மரமில்லாத புல்வெளியைப் பயனற்ற தரிசென்று கணக்கிற் பதிந்து, அதில் மரம் நட்டு நிரப்பும் வழக்கமே அது. சீமைக் கருவேல் பரவிய இடத்தில் புல் அருகும். ஆட்டுக்கு மேய்ச்சலும் குறையும். திறந்த வெளியை நாடும் இப்பக்ஷியும் அகன்றுவிடும்.

ஆதலால் கிராமத்தார் மேய்ச்சல் வெளியில் ஒரு பாகத்தையேனும் மரமின்றி விட்டு, கருவேல் கன்றுகளை இளமையிலேயே வேருடன் களைதல் நலம். புல்லுக்குத் தீயிடாதிருத்தல் வேண்டும். உழும்போது கூடு தென்பட்டால், குஞ்சுகள் பறக்கும்வரை அவ்விடத்தைச் சுற்றி ஒரு முழம் விட்டு உழலாம். இதனால் குடியானவருக்கு உண்டாகும் நஷ்டம் ஒரு பிடி தானியமே.