சாம்பல் நிறத்தில் ஒரு தங்க வயல்

டிஜிட்டல் கேமராவில் கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பது சுலபம். எந்த நிறத்தை எவ்வளவு கறுப்பாக்குவது என்று முடிவு செய்வதுதான் கஷ்டம். கோலார் தங்க வயலில் அது இன்னும் கஷ்டம்.

பெங்களூர் - சென்னைப் பாதையிலிருந்து பங்காருபேட்டையில் ஒரு கிளைப் பாதை பிரிகிறது. மாரிகுப்பம் வரை 16 கிலோமீட்டர். 1894இல் சுரங்கங்களுக்காகப் போட்ட தண்டவாளம். இப்போது அதில் தங்கம் போவதில்லை, ஆட்கள் போகிறார்கள். விடியும் முன்பே ரயிலேறி பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள். விடுமுறை நாட்களில் எதிர்த் திசையில் வேறு சிலர் வருகிறார்கள், தோளில் கேமராப் பையுடன்.

அவர்கள் தேடி வரும் காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் கால் வைத்த இடம். மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போன சுரங்கம். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்து குடியேறிய, பெரும்பாலும் தலித்துகளான தொழிலாளர்களின் உழைப்பு அது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. மிஞ்சியவை துருப்பிடித்த இரும்புக் கோபுரங்கள், வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள், வரிசை வரிசையாக லைன் வீடுகள். இவற்றுக்கு நடுவே, பாறையை மாவாக அரைத்து சயனைடில் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய மண் மேடுகள்.

படம் எடுத்து வீடு திரும்பியதும் பலர் செய்யும் முதல் காரியம், கம்ப்யூட்டரில் நிறத்தை எடுத்துவிடுவது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஊர் நூறு வருடம் பின்னால் போய்விடும்.

சிக்கல் அந்தப் பொத்தானில்தான் இருக்கிறது.

நிறக் குருட்டுக் கண்

கறுப்பு வெள்ளை என்றால் பழசு, டிஜிட்டல் என்றால் புதுசு என்பது பொதுவான எண்ணம். ஆனால் டிஜிட்டல் கேமரா பிறந்ததே கறுப்பு வெள்ளையில்தான். 1975இல் கோடக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் கேமரா, சுமார் மூன்றரைக் கிலோ கனம். நீளத்தில் 100, அகலத்தில் 100 என்று மொத்தம் 10,000 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை ஒரு கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடிகள் பிடித்தன.

இன்றைய கேமராக்களிலும் ஒளியைப் பிடிக்கும் சென்சாருக்கு நிறம் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பது மட்டுமே தெரியும். அதன் மேல் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித் துணுக்குகளைக் கட்டம் கட்டமாகப் பதிக்கிறார்கள். பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். கோடக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. நிறத்தை யூகித்துப் படத்தில் நிரப்புவது கேமராவுக்குள் இருக்கும் கணக்கு. அந்தக் கண்ணாடித் துணுக்குகளே இல்லாத, கறுப்பு வெள்ளைக்கு மட்டுமான கேமராவை லைக்கா நிறுவனம் 2012இல் கொண்டுவந்தது. அதன் விலை சாமானியனுக்கு எட்டாதது.

மற்றவர்கள் கலரில் பிடித்து, பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்ற வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை: கேமராவிலேயே 'மோனோக்ரோம்' என்று வைத்து ஜேபெக் வடிவில் எடுத்தால் நிறம் போனது போனதுதான். 'ரா' வடிவில் எடுத்தால் திரையில் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் எல்லா நிறமும் பத்திரமாக இருக்கும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள். 14 பிட் ரா கோப்பில் 16,384. சாம்பல் நிறத்தின் நெளிவு சுளிவுகளை நம்பியே நிற்கும் படத்துக்கு இந்த வித்தியாசம் சோறு போன்றது.

மேட்டின் மேல் ஒரு பாடம்

சயனைடு மேட்டின் முன்னால் ஒருவரை நிறுத்திப் படம் எடுப்பது கேமராவுக்கு வைக்கும் பரீட்சை. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெயிலில் பளீரிடும் வெளிர் மண்ணைப் பார்த்ததும் 'வெளிச்சம் அதிகம்' என்று முடிவுகட்டி அளவைக் குறைத்துவிடும். மண் அழுக்காகத் தெரியும். எதிரே நிற்பவரின் கறுத்த முகம் மையாகிவிடும்.

இதற்கு வழி உண்டு. மேடு மட்டும் போதுமென்றால் எக்ஸ்போஷரை ஒரு படி கூட்ட வேண்டும். முகம் முக்கியமென்றால் 'ஸ்பாட்' அளவீட்டில் முகத்தை அளக்க வேண்டும். மேடு கொஞ்சம் வெளுத்துப்போனால் போகட்டும். காலை, மாலைச் சாய்வெயிலில் மழைநீர் அரித்த வரிகள் மேட்டில் நிழலோடு தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டை. காற்றடிக்கும்போது அங்கே லென்ஸை மாற்றவே கூடாது. மாவு போன்ற தூள் சென்சாரில் ஒட்டிக்கொண்டால் அடுத்த படங்களின் வானத்தில் எல்லாம் கரும்புள்ளி. சென்சாரைச் சுத்தம் செய்துகொள்ளலாம். அதே தூளைச் சுவாசிக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்த வசதி இல்லை.

நீலக் கோட்டு என்ன நிறம்?

எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் நடப்பதுதான் பாதி வேலை. ஃபிலிம் காலத்தில் வானத்தைக் கறுப்பாக்க லென்ஸின் முன்னால் சிவப்பு ஃபில்டர் மாட்டுவார்கள். படம் எடுக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். டிஜிட்டலில் அந்த முடிவு தள்ளிப்போகிறது. ஃபோட்டோஷாப், லைட்ரூம் போன்றவற்றிலும், இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள், ராதெரபி போன்றவற்றிலும் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி விசை உண்டு. நீலத்தைக் குறைத்தால் தங்க வயலின் வானம் இருண்டு, சயனைடு மேடு பனிமலை போல எழும். இணையத்தில் சுற்றும் பல படங்களின் ரகசியம் இதுதான்.

விசைகளைத் தொடாமல் சாதாரணமாக மாற்றினாலும் அதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பழைய டெலிவிஷன் தொழில்நுட்ப விதி ஒன்றின்படி, சாம்பல் நிறம் என்பது சுமார் 30 சதவீதம் சிவப்பு, 59 சதவீதம் பச்சை, 11 சதவீதம் நீலம். மனிதக் கண்ணை ஒட்டிப் போட்ட கணக்குதான். ஆனாலும் குங்குமச் சிவப்புச் சேலையும் அதன் பின்னால் இருக்கும் வாழை இலையும் ஒரே சாம்பலாகிக் கலந்துவிடக் கூடும். எது முன்னே வரவேண்டும் என்பதை ஆள்தான் சொல்ல வேண்டும்.

தங்க வயலில் இது அழகு சார்ந்த பிரச்சினையோடு நிற்பதில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேர்விட்ட இடம் மாரிகுப்பம். அவருடைய 'தமிழன்' பத்திரிகை அவர் மறைவுக்குப் பின் மறுபடி வெளிவந்ததும் தங்க வயலிலிருந்துதான். இந்த ஊரில் நீலம் ஒரு நிறம் மட்டும் அல்ல. அம்பேத்கர் சிலையின் நீலக் கோட்டு, வானத்தைக் கறுப்பாக்க நீலத்தைக் குறைக்கும்போது அதுவும் சேர்ந்து கறுப்பாகிறது. கூட்டினால் வெள்ளைக்காரத் துரையின் சட்டை போல வெளுக்கிறது. அந்தக் கோட்டு கலரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்ய ஒருவருக்கு ஊர் தெரிந்திருக்க வேண்டும். சாஃப்ட்வேர் தெரிந்தால் போதாது.

முகம் இன்னும் நுட்பமான விஷயம். தோலின் பழுப்பில் சிவப்பும் ஆரஞ்சும் அதிகம். ஆரஞ்சு விசையைக் கொஞ்சம் ஏற்றினால் கறுத்த முகம் மாநிறமாகும். மேலும் ஏற்றினால் 'சிவப்பாகிவிடும்'. முன்பெல்லாம் ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மீது பென்சிலால் தீட்டி முகத்தை வெளுக்க வைப்பார்கள். இன்று செல்போன் கேட்காமலேயே செய்கிறது. எதிர்த் தவறும் உண்டு. ஆரஞ்சை இறக்கி, கான்ட்ராஸ்டைக் கூட்டினால் ஒவ்வொரு சுருக்கமும் பிளவாகி, முதியவர் சுரங்கப் பாறை போலத் தெரிவார். பரிசு வாங்கும் படமாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கே அவரை அடையாளம் தெரியாது.

ஒரே குழந்தை, இரண்டு படங்கள்

நிறத்தை நீக்குவதா வேண்டாமா என்ற விவாதத்துக்கு இந்தியாவிலேயே கனமான சாட்சி உண்டு. 1984 டிசம்பரில் போபால் விஷவாயுவில் இறந்த பெயர் தெரியாத ஒரு குழந்தையைப் புதைக்கும் காட்சியை ரகு ராய் கறுப்பு வெள்ளையிலும், பாப்லோ பார்த்தலோமியு கலரிலும் எடுத்தார்கள். உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் அந்த ஆண்டின் சிறந்த படமாகத் தேர்வானது கலர்ப் படம். கறுப்பு வெள்ளைப் படமும் அதே அளவுக்கு உலகத்தின் நினைவில் தங்கியது. ஒன்று இன்று காலை நடந்தது போலச் சுடுகிறது. மற்றது எல்லாக் காலத்துக்குமான துக்கமாக நிற்கிறது. இரண்டும் உண்மை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

தங்கச் சுரங்கம் என்றதும் புகைப்பட உலகத்துக்கு நினைவுவருவது செபாஸ்தியோ சல்காடோ. பிரேசிலின் செர்ரா பெலாடா குழியில், சேறு பூசிய ஆயிரக்கணக்கானவர்கள் ஏணிகளில் மூட்டை சுமந்து ஏறுவதை 1986இல் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்தவர். 2025இல் மறைந்த அவர், பிற்காலத்தில் டிஜிட்டலுக்கு மாறினார். ஆனால் அதிலும் தம் பழைய ஃபிலிமின் மணல்மணியான தன்மையை சாஃப்ட்வேர் மூலம் வரவழைத்துக்கொண்டார். துயரத்தை அழகாக்குகிறார் என்ற குற்றச்சாட்டு கடைசி வரை அவரைத் தொடர்ந்தது. அவர் எடுத்தபோது செர்ரா பெலாடாவில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. தங்க வயலில் கேமராக்கள் பெருகியது வேலை போன பிறகு. வேலை இருந்த காலத்தைப் படமாக்க இயலாதவர்கள், இருப்பதையாவது பழங்காலமாக்கிவிடப் பார்க்கிறார்கள். 2018இல் வெளிவந்த 'கேஜிஎஃப்' சினிமாவும் தன் கற்பனைக் கதைக்குக் கரி பூசிய நிறத்தையே தேர்ந்தெடுத்தது. விடியற்காலை ரயிலைப் பிடிக்க ஓடும் இளம்பெண்ணின் மஞ்சள் துப்பட்டா இதில் எங்கும் வருவதில்லை.

மேடு கரையும் முன்

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. 13 மண் மேடுகள், ஆயிரம் ஏக்கருக்கு மேல், சுமார் 3.3 கோடி டன் கழிவு. அதில் மிச்சமிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. திட்டம் நடந்தால், மூன்று தலைமுறைகளின் அடிவானமாக இருந்த மேடுகள் இறங்கும். இன்று பொழுதுபோக்காக எடுக்கும் படம் நாளை ஆவணம். அந்த மேடு எந்த நிறத்தில் இருந்தது, மழைக்குப் பின் எப்படி மாறியது, அதன் ஓரத்தில் எந்த வீட்டுச் சுவருக்கு என்ன சாயம் அடித்திருந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். கறுப்பு வெள்ளைக் கோப்பு மட்டும் வைத்திருப்பவரிடம் பதில் இருக்காது.

ஆகவே ஒழுங்கு எளிமையானது. ராவில் எடுப்பது. அந்த மூலக் கோப்பைத் தொடாமல், இரண்டு தனித்தனி இடங்களில் சேமிப்பது. கறுப்பு வெள்ளையை நகலில் செய்துபார்ப்பது. தேதி, இடம், படத்தில் இருப்பவர் சம்மதித்தால் அவர் பெயர், அவர் எந்தச் சுரங்கத்தில் என்ன வேலை பார்த்தார் என்பதைக் கோப்போடு எழுதிவைப்பது. ஒரு பிரதியை அச்சிட்டு அவருக்கே கொடுப்பது. தன் முகத்தின் கறுப்பு சரியாக வந்திருக்கிறதா என்று சொல்லும் தகுதி அவருக்குத்தான் அதிகம்.

ஊட்டியில் 1960இல் தொடங்கிய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது. அங்கே வெள்ளியைப் பூசினார்கள். இங்கே தங்கத்தைத் தோண்டினார்கள். இரண்டு இடங்களிலும் வேலை நின்றுவிட்டது. அந்த ஃபிலிமில் நிறம் இல்லாமல் போனது வசதிக் குறைவு. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இன்று நிறம் கைக்குள் இருக்கும்போது நீக்குகிறவரிடம் மட்டும் 'ஏன்?' என்று கேட்கலாம். அதற்கு ஒரு பதில் வைத்திருப்பவரின் கறுப்பு வெள்ளைப் படம் நிச்சயம் பார்க்கத் தகுந்தது.