கடல் வழி – 12: யாரும் இறக்க விடாத பெட்டி

ரசாயனம் ஏற்றிய கன்டெய்னரின் நான்கு பக்கமும் சாய்சதுரமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஒரு பக்கம் 25 சென்டிமீட்டர். உள்ளே இருப்பது அமிலம் என்றால் மேல்பாதியில் ஒரு கையின் மீதும் ஓர் உலோகத் துண்டின் மீதும் ஏதோ சொட்டுகிற படம். கீழ்ப்பாதி கறுப்பு, அதில் வெள்ளையில் 8. இந்த ஸ்டிக்கருக்கு ஒரு விதி உண்டு. மூன்று மாதம் கடல்நீரில் கிடந்தாலும் அதைப் படிக்க முடிய வேண்டும். பெட்டி கடலில் விழக்கூடும், எங்கோ கரை ஒதுங்கக்கூடும், எவனோ ஒருவன் அதைத் திறக்கப் போகக்கூடும் என்பதையெல்லாம் விதி எழுதியவர்கள் யோசித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த விதிப்புத்தகம்தான் ஐ.எம்.டி.ஜி. கோட், கடலில் போகும் ஆபத்தான சரக்குக்கான சர்வதேச விதித்தொகுப்பு. 1965ல் பிறந்தது. 2004 ஜனவரி முதல் எல்லாக் கப்பலுக்கும் கட்டாயம். ஆபத்தான சரக்கை ஒன்பது வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு இலக்கத்தில் ஓர் ஐ.நா. எண் கொடுத்திருக்கிறது. கந்தக அமிலம் 1830, காஸ்டிக் சோடா கரைசல் 1824, நைட்ரிக் அமிலம் 2031. துறைமுக வட்டாரத்தில் இந்தச் சரக்குக்கெல்லாம் பொதுப்பெயர் ‘ஹாஸ் கார்கோ’. அதை அனுப்புகிறவர் பொருளின் குணத்தையும் ஆபத்தையும் விவரிக்கும் எம்.எஸ்.டி.எஸ். தாள் கொடுக்க வேண்டும், ‘இது ஆபத்தான சரக்கு’ என்று எழுதிக் கொடுக்கும் டிஜி டிக்ளரேஷன் கொடுக்க வேண்டும், பெட்டிக்குள் சரக்கை ஒழுங்காக அடுக்கிக் கட்டியிருக்கிறோம் என்று கையெழுத்தும் போட வேண்டும். கப்பல் கம்பெனி அதைப் பார்த்து அப்ரூவல் தந்தால்தான் புக்கிங். நடுவில் கப்பல் மாறும் துறைமுகம் ஒன்று ‘வேண்டாம்’ என்றாலும் கதை முடிந்தது. அமிலமும் காரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக் கூடாது, எது எதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கே தனி அட்டவணை இருக்கிறது.

ஆக, ஏற்றுவதற்குக் காகிதம் குறைவில்லை. ஏற்றிய பெட்டி நடுவழியில் கசிந்தால் அதை யார் வாங்கிக்கொள்வது? இந்தக் கேள்விக்கு அந்தக் கனமான புத்தகத்தில் பதில் கிடையாது. 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கன்டெய்னர் கப்பலில் நடந்தது அதுதான்.

சிங்கப்பூர்க் கொடி பறந்த கப்பல். நீளம் 186 மீட்டர். சீனாவில் கட்டி முடித்து அந்த வருஷம் பிப்ரவரியில்தான் கைக்கு வந்திருந்தது, பெயின்ட் வாசனைகூடப் போயிருக்காது. துபாயின் ஜெபல் அலியில் ஏறிய பெட்டிகளில் ஒன்றில் நைட்ரிக் அமிலம் இருந்தது. கிளம்பிய சில நாளிலேயே அந்தப் பெட்டி கசிவது தெரிந்துவிட்டது. கத்தாரின் ஹமாத் துறைமுகத்தில் இறக்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள், மறுப்பு. அடுத்தது குஜராத்தின் ஹசீரா. அங்கும் மறுப்பு. கசியும் அமிலத்தைக் கையாள உடனடியாக ஆளும் இல்லை, வசதியும் இல்லை என்பதுதான் கிடைத்த பதில் என்று கப்பல் நிறுவனம் பின்னால் சொன்னது. ரசாயன ஆலைகள் வரிசைகட்டி நிற்கும் ஹசீராவிலேயே ஆள் இல்லையா என்று கேட்கத் தோன்றும். ஆலைக்குள் இருக்கும் ஆள் வேறு, துறைமுகத்துக்குள் இருக்கும் ஆள் வேறு என்பார்கள். எனக்கு அந்தப் பதில் முழுசாக ஒப்பவில்லை.

துறைமுகத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நைட்ரிக் அமிலம் வெறுமனே அரிக்கிற திரவம் அல்ல. எரிபொருளுக்கு ஆக்சிஜனை ஊட்டிவிடுகிற குணம் அதற்கு உண்டு. உலோகத்தில் பட்டால் செம்பழுப்பு நிறத்தில் நச்சுப் புகை கிளம்பும். மரத்தில், துணியில், காகிதத்தில் ஊறினால் தானே பற்றிக்கொள்ளலாம். கன்டெய்னர் வெளியே இரும்பு, ஆனால் தரை பெரும்பாலும் பிளைவுட். கசிவை ஒற்றியெடுக்க அவசரத்தில் யாராவது மரத்தூளைக் கொட்டினால் தீக்கு விறகு வைத்த மாதிரி. பெட்டியைத் தரையில் இறக்க வேண்டுமென்றால் வழிவது ஓடிவிடாமல் கரைகட்டிய காலி இடம் வேண்டும். சுவாசக் கருவி மாட்டிய ஆட்கள், அமிலம் தாங்கும் பம்பு, மாற்றி ஊற்ற வேறு கலன், மிச்சத்தை நடுநிலையாக்கச் சோடா சாம்பல் எல்லாம் வேண்டும். பெட்டியை இறக்கி ஒரு தொழிலாளி இறந்தால் கேஸ் துறைமுகத்தின் மேல்; ‘வேண்டாம்’ என்று ஒரு மெயில் போட்டால் எந்தக் கேஸும் இல்லை.

சங்கடத்தில் இருக்கும் கப்பலுக்கு ஒதுங்க இடம் தருவது பற்றி ஐ.நா.வின் கப்பல் போக்குவரத்து அமைப்பான ஐ.எம்.ஓ. 2003லேயே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. அவை நெறிகள், சட்டம் அல்ல. இடம் கொடு என்று எந்த நாட்டையும் கட்டாயப்படுத்த முடியாது.

கப்பல் கொழும்பு நோக்கி வந்தது. மே 19 இரவு வெளியே நங்கூரம் போட்டது. கப்பலில் மொத்தம் 1,486 கன்டெய்னர். ஆபத்தான சரக்கு என்று எழுதிக் கொடுத்தவை 81, நைட்ரிக் அமிலம் 25 டன். மறுநாள் ஹோல்டிலிருந்து, அதாவது டெக்குக்குக் கீழே இருக்கும் சரக்கு அறையிலிருந்து, புகை. கசிவை இலங்கை அதிகாரிகளிடம் உரிய நேரத்தில் சொல்லவில்லை என்பது பின்னால் வழக்கில் பெரிய குற்றச்சாட்டானது. மே 25 காலை பெரிய வெடிப்பு. ஊழியர்கள் 25 பேரையும் இறக்கினார்கள். இந்தியக் கடலோரக் காவல்படைக் கப்பல்களும் போய்த் தண்ணீர் பீய்ச்சின. ஜூன் 2ஆம் தேதி ஆழ்கடலுக்கு இழுக்கப் பார்த்தபோது பின்பகுதி சுமார் 21 மீட்டர் ஆழத்தில் தரைதட்டி உட்கார்ந்துவிட்டது.

அமிலம் தீயை வைத்தது என்றே நம்பப்படுகிறது. நீர்கொழும்புப் பக்கம் சரக்குவ கடற்கரையில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்ததோ அமிலம் அல்ல, வெள்ளை வெள்ளையாய் ஜவ்வரிசி அளவில் பிளாஸ்டிக் குருணை. பக்கெட்டாகவும் குடமாகவும் வார்ப்பதற்கு முந்தைய மூலப்பொருள். கப்பலில் சுமார் 1,680 டன் இருந்தது. உலகில் இதுவரை கடலில் பிளாஸ்டிக் குருணை கொட்டிய சம்பவங்களில் இதுதான் மிகப் பெரியது என்கிறார்கள். படைவீரர்கள் பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு அதை மணலோடு அள்ளிச் சலித்தார்கள். மீனவர்களுக்கு அந்தக் கரை நெடுக மீன்பிடித் தடை. ஆமைகளும் டால்பின்களும் செத்து ஒதுங்கின.

இவ்வளவு செய்த அந்தக் குருணை, ஐ.எம்.டி.ஜி. கோட்டின்படி ஆபத்தான சரக்கே அல்ல. அந்த 81 பெட்டிக் கணக்கில் அது வராது, ஸ்டிக்கர் கிடையாது, டிக்ளரேஷன் கிடையாது. சாதாரணச் சரக்காக, ஹோல்டிலோ டெக்கிலோ எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே போய்ச் சேரும். 2024ல்தான் ஐ.எம்.ஓ. ஒரு சுற்றறிக்கை விட்டது: நல்ல பேக்கிங்கில் கட்டுங்கள், குருணை என்று தெரியப்படுத்துங்கள், கூடியவரை டெக்குக்குக் கீழே வையுங்கள். இதுவும் பரிந்துரைதான்.

அந்தப் பரிந்துரை வந்து ஒரு வருஷம் தாண்டியதும் நம் பக்கமே பாடம் நடந்தது. 2025 மே 25 அன்று எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கன்டெய்னர் கப்பல் கேரளக் கரைக்கு அப்பால் கவிழ்ந்து மூழ்கியது. கடலோரக் காவல்படை சொன்ன கணக்கு 640 கன்டெய்னர். ஆபத்தான சரக்கு 13, கால்சியம் கார்பைடு 12. மாம்பழத்தைப் பழுக்க வைக்கத் திருட்டுத்தனமாக வைக்கிறார்களே, அதே கார்பைடு கல். தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு கிளம்பும், வெல்டிங் கடையில் எரிகிற அதே வாயு. பெட்டி கரை ஒதுங்கினால் தொடாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள் என்று அறிவித்தார்கள். எல்லோரும் கார்பைடைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கன்னியாகுமரிக் கரைக்கு வந்து சேர்ந்தது மறுபடியும் பிளாஸ்டிக் குருணை.

கொழும்பு வழக்கில் 2025 ஜூலை 24 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. கப்பல் நிறுவனம் அதைக் கொடுக்க மறுத்துவிட்டது. லண்டன் நீதிமன்றத்தில் தங்கள் பொறுப்புக்கு ஏற்கெனவே சுமார் 1 கோடியே 90 லட்சம் பவுண்டு என்று வரம்பு கட்டி வைத்திருக்கிறார்கள். விபத்து எவ்வளவு பெரியதானாலும் கப்பலின் டன் கணக்கை வைத்து நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு போடலாம் என்கிற அந்தப் பழைய கடல் சட்டத்தை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.