கோடை வாரத்தின் இரவு வானம்

புனே நகரின் வடமேற்கில் உள்ள வாகட், அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நெடுஞ்சாலை விளக்குகளும் நிறைந்த பகுதியாகும். அவ்விளக்குகளின் ஒளி மேல்நோக்கிச் சிதறுவதால் மங்கலான விண்மீன்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆயினும், ஒளிமிக்க விண்மீன்களை இங்கிருந்தும் காணலாம். ஜூன் மாதத்தில் பருவமழை முகில்கள் வானை மூடிவிடும். எனவே, மே மாத நடுவில், நிலவொளி குறுக்கிடாத ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இரவு ஒன்பதரை மணிக்குப் பெரியவர் ஒருவருடன் மொட்டைமாடிக்குச் செல்லுங்கள். கால்மணி நேரம் இருளில் இருந்தால் கண்கள் இருளுக்குப் பழகும். நீட்டிய கையின் மூடிய முட்டி, வானில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். இதுவே நம் அளவுகோல்.

முதல் இரண்டு இரவுகள்: வடதிசை

வடக்கே உயரத்தில், கவிழ்த்த அகப்பை போல ஏழு விண்மீன்கள் தோன்றும். பழந்தமிழர் இதனை எழுமீன் என்றனர். சப்தரிஷி மண்டலம் என்பதும் இதுவே. அகப்பையின் வெளிவிளிம்பில் உள்ள இரு விண்மீன்களை இணைக்கும் கோட்டை, அவற்றின் இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு கீழ்நோக்கி நீட்டினால் துருவமீனை அடையலாம்.

அகப்பைக் காம்பின் நடுமீன் வசிட்டர். அதனை ஒட்டியுள்ள சிறுமீன் அருந்ததி. திருமணத்தில் மணமக்களுக்குக் காட்டப்படும் மீன் இதுவே. நகரொளி மிகுந்த இடங்களில் இஃது எளிதில் தெரிவதில்லை. உங்கள் வானில் எவ்வளவு இருள் எஞ்சியுள்ளது என்பதை அறிய அருந்ததியே நல்ல சோதனை.

மூன்றாம், நான்காம் இரவுகள்: உச்சியும் கிழக்கும்

காம்பின் வளைவை அப்படியே நீட்டினால் செம்மஞ்சள் நிறச் சுவாதி தோன்றும். பதினொன்றே கால் மணியளவில் அது வாகட்டின் உச்சிவானை அடையும். சுவாதியின் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 37 ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளைவை மேலும் நீட்டினால் நீலவெண்மை நிறச் சித்திரையைக் காணலாம். முழுநிலவு இம்மீனுக்கு அருகில் தோன்றும் மாதமே சித்திரை எனப் பெயர் பெற்றது.

ஐந்தாம், ஆறாம் இரவுகள்: தென்திசை

தெற்கே, அடிவானிலிருந்து ஒரு முட்டி உயரத்தில் சிலுவை வடிவில் நான்கு விண்மீன்கள் தெரியும். இது திரிசங்கு. எதிர்த்திசையில் துருவமீனோ ஏறத்தாழ இரண்டு முட்டி உயரத்தில் நிற்கும்.

விடுமுறையில் கன்னியாகுமரிக்குச் செல்வோர் இவ்விரண்டையும் மீண்டும் அளந்து பார்க்கலாம். அங்கே திரிசங்கு இரண்டு முட்டி உயரத்திற்கு ஏறியிருக்கும். துருவமீன் ஒரு முட்டிக்கும் கீழே இறங்கியிருக்கும். துருவமீனின் உயரம், நாம் நிற்கும் இடத்தின் அகலாங்கிற்கு ஏறத்தாழச் சமம். வாகட்டின் அகலாங்கு சுமார் 18½ பாகை. கன்னியாகுமரியின் அகலாங்கு சுமார் 8 பாகை. புவி தட்டையாக இருந்திருப்பின், இத்தொலைதூர விண்மீன்கள் இரண்டு ஊர்களிலும் ஒரே உயரத்தில் தோன்றியிருக்கும்.

ஏழாம் இரவு: ஒப்பிடுதல்

முதல் இரவில், மேற்கே ஒரு விண்மீன் கட்டட விளிம்பில் மறையும் நேரத்தைக் குறித்து வையுங்கள். ஏழாம் இரவில் அதே இடத்தில் நின்று பாருங்கள். அது ஏறத்தாழ 24 நிமிடங்கள் முன்னதாகவே மறைந்துவிடும். புவி, கதிரவனையும் சுற்றிவருவதால் விண்மீன்கள் நாள்தோறும் நான்கு நிமிடங்கள் முந்துகின்றன.

வான் நோக்கும் மரபு புனேக்குப் புதிதன்று. 1944ஆம் ஆண்டிலேயே இங்கு ஜோதிர்வித்யா பரிசன்ஸ்தா என்னும் வானியல் ஆர்வலர் அமைப்பு தோன்றியது. அம்மரபு தொடர வேண்டுமெனில் இருளும் நமக்கு வேண்டும். தேவையற்ற விளக்கை அணைப்பதும், தெருவிளக்கின் ஒளி தரையை மட்டும் நோக்குமாறு மூடியிடுவதும் வானைக் காக்கும் வழிகளாகும்.

சொற்பொருள்
முகில் – மேகம்
பாகை – கோண அளவு
அகப்பை – நீண்ட காம்புடைய கரண்டி
அகலாங்கு – நிலநடுக்கோட்டிலிருந்து ஓர் இடம் உள்ள கோணத் தொலைவு

விடையளிக்க
1. துருவமீனைக் கண்டறியும் முறையை எழுதுக.
2. வாகட்டிலும் கன்னியாகுமரியிலும் திரிசங்கின் உயரம் வேறுபடுவது ஏன்?
3. உங்கள் வீட்டு மாடியிலிருந்து அருந்ததி தெரிகிறதா? கண்டதை ஐந்து தொடர்களில் எழுதுக.