36,000 ரூபாய் ஹோம் தியேட்டர் வேண்டாம்னு சொல்லி, 30,000-க்கு 5.1 செட் பண்ணின கதை

தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி சிவகாசியில இருந்து தம்பி போன் பண்ணினான். அங்க ஒரு ஆஃப்செட் பிரஸ்ல வேலை, கைக்கு வர்ற சம்பளம் 27,000.

"அக்கா, போனஸ் 16,000 வந்துருச்சு. கடையிலதான் நிக்கிறேன். ஹோம் தியேட்டர், 36,000. நோ காஸ்ட் இ.எம்.ஐ, மாசம் மூவாயிரம்தான். பில் போடவா?"

"ரொக்கமா கொடுத்தா எவ்வளவுன்னு கேளு"ன்னேன். கேட்டான். 34,000.

இந்த இடத்துலயே பாதி கணக்கு முடிஞ்சது. நோ காஸ்ட்னா வட்டி இல்லைன்னு அர்த்தம் கிடையாது. வட்டி அளவுக்கு ஒரு தள்ளுபடியை முன்னாடியே காட்டிட்டு, அந்த வட்டியை பேங்க் உங்ககிட்ட மாசாமாசம் வாங்கும். பூஜ்ய வட்டிங்கிற ஒண்ணே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே சுற்றறிக்கை விட்டிருக்கு. கிரெடிட் கார்டுல போட்டீங்கன்னா, அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி உண்டு. அதை எந்தக் கடையும் திருப்பித் தர்றதில்லை.

தம்பி கேஸ்ல 12 மாசம், 15% வட்டின்னு வச்சுக்கோங்க. 36,000-க்குள்ள ஒளிஞ்சிருக்கிற வட்டி சுமார் 2,760. அதுக்கு ஜி.எஸ்.டி 497. பிராசஸிங் ஃபீஸ் 199, வரியோட 235. மொத்தம் 36,732. ரொக்க விலையை விட 2,732 அதிகம். 34,000-ஐ மாசாமாசம் குறைஞ்சுக்கிட்டே வர்ற கடனாப் பார்த்தா, ஆண்டுக்கு ஏறக்குறைய 15% வட்டி. பேருதான் நோ காஸ்ட்.

ஆனா தம்பி மனசு மாறினது இந்தக் கணக்கால இல்லை. "பெட்டிக்குப் பின்னாடி இருக்கிற ஸ்டிக்கரைப் படிடா"ன்னு சொன்னேன். முன்பக்கம் பெருசா "12,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ". பின்னாடி, மின்சாரம் எடுக்கிற அளவு 90 வாட்ஸ். 90 வாட்ஸ் உள்ள வாங்கிட்டு 12,000 வாட்ஸ் தொடர்ந்து வெளிய தர்ற மெஷினை இன்னும் யாரும் கண்டுபிடிக்கலை. பி.எம்.பி.ஓ-வுக்குன்னு ஒத்துக்கிட்ட அளவுமுறையே கிடையாது, எந்த நம்பரும் போட்டுக்கலாம். நீங்க கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ் வாட்ஸ். கம்பெனி ரிசல்ட்ல முதல் பக்கத்தை விட்டுட்டு பின்னாடி நோட்ஸைப் படிக்கிற எங்க தொழில் புத்தி, சில நேரம் வீட்டுக்கும் உதவுது.

அடுத்து ஒண்ணு கேட்டேன். "யாருக்காகடா வாங்குற?"

"அப்பாவுக்குத்தான்க்கா. டிவி வால்யூம் 60-ல வச்சும் வசனம் புரியலைங்கிறாரு."

அப்பா கல்யாணத்துக்கு முன்னாடி மைக் செட் தொழில்ல இருந்தவர். எங்க ஊர் இருக்கன்குடி. ஆடி கடைசி வெள்ளிக்கு மாரியம்மன் கோயிலுக்கு அர்ச்சுனா நதி, வைப்பாறு ரெண்டு பக்கமும் ஜனம் நிறைஞ்சு நிக்கும். வேப்பமரத்துல ஏறி குழாய் ஸ்பீக்கரைக் கட்டுறது, பக்கத்துலயே உட்கார்ந்து ராத்திரி பூரா ஓட்டுறது, இப்படியே பல வருஷம். அந்தச் சத்தம் காதுல இருந்து எடுத்துட்டுப் போனதை இப்பத்தான் கணக்குப் பார்க்கிறோம்.

அதனால நண்பர்களே, சரவுண்ட் சவுண்டுக்கு முதல் செலவா நான் பண்ணினது அப்பாவை சாத்தூர்ல ஒரு காது டாக்டர்கிட்ட காட்டினது. உயர் அதிர்வெண் சத்தம் கேட்கிற திறன் குறைஞ்சிருக்குன்னார். ச, த, ப மாதிரி மெய்யெழுத்துகளைப் பிரிச்சு உணர்றது அந்தப் பகுதியிலதான். அதனாலதான் சத்தம் கேட்கும், சொல் புரியாது. வால்யூமை ஏத்தினா அம்மாவுக்குத் தலைவலி, அப்பாவுக்கு அப்பவும் புரியாது. காது மெஷின் வைக்கலாம்னு டாக்டர் சொன்னார். "கோயிலுக்கு மெஷினை மாட்டிக்கிட்டு எப்படிம்மா போறது"ன்னு அப்பா அன்னைக்கு மறுத்துட்டார்.

சரி, ஸ்பீக்கர் பக்கம் வருவோம். 5.1-ங்கிறது முன்னாடி இடம், வலம், நடுவுல ஒண்ணு, உட்கார்ற இடத்துக்குப் பக்கவாட்டுல கொஞ்சம் பின்தள்ளி ரெண்டு. அந்த .1 சப்ஊஃபர். 5.1-ல மிக்ஸ் பண்ணின படத்துல வசனத்துல பெரும்பகுதி நடு ஸ்பீக்கர்லதான் வரும். தம்பி ஆசைப்பட்டது சப்ஊஃபருக்கு. அப்பாவுக்கு வேண்டியது நடு ஸ்பீக்கர். கடைப்பெட்டியில இந்த நடு ஸ்பீக்கர் சோப்பு டப்பா சைஸ்ல இருந்துச்சு. மொத்தமா ஒரே பெட்டியா வாங்கினா இதுதான் சிக்கல், எது முக்கியமோ அதை மட்டும் நல்லதா எடுக்க முடியாது.

பிளான் இதுதான். மாசம் 3,000 இ.எம்.ஐ கட்டத் தயாரா இருந்தான்ல, அதே 3,000-ஐத் தனி அக்கவுண்ட்ல போடுவான். பணம் சேரச் சேர ஒவ்வொரு பீஸா வாங்குவோம்.

போனஸ்ல மதுரையில ஒரு பழைய ஏ.வி ரிசீவர், 9,500. கூடவே செகண்ட் ஹேண்ட் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, 5,000. ஒயர், ஸ்பைக் கார்டு எல்லாம் 1,400. ஆக 15,900. போனஸ்ல நூறு ரூபாய் மிச்சம், சாத்தூர் காராச்சேவுக்கு ஆச்சு.

பழைய ரிசீவர்னா 4கே வீடியோ போகாதேன்னு கேட்பீங்க. போக வேண்டியதில்லை. படம் டிவி ஆப்லயே ஓடட்டும், சத்தம் மட்டும் ஹெச்.டி.எம்.ஐ ஏ.ஆர்.சி வழியா ரிசீவருக்கு வரும். ஏ.ஆர்.சி இல்லாத ரிசீவர்னா ஆப்டிகல் கேபிள் போதும், டால்பி டிஜிட்டல் 5.1 அதுலயே வரும். அட்மாஸ் மட்டும் ஆப்டிகல்ல வராது. இதுல நாங்க ஒரு வாரம் முட்டாளா இருந்தோம். எல்லா ஸ்பீக்கர் படத்தையும் பார்த்துட்டு "சரவுண்ட் வரலையே"ன்னு ரிசீவரைத் திட்டினோம். டிவி செட்டிங்ஸ்ல ஆடியோ அவுட்புட் பி.சி.எம்-ல இருந்துச்சு. அப்படி இருந்தா ரெண்டு சேனல்தான் வெளிய போகும். ஆட்டோ அல்லது பாஸ்த்ரூன்னு மாத்தணும்.

பழசு வாங்குறப்ப பாட்டு கேட்டுட்டு மட்டும் வந்துடாதீங்க. அஞ்சு சேனலையும் ஒவ்வொண்ணா டெஸ்ட் டோன் போட்டுக் கேளுங்க. ஸ்பீக்கர் கோனைச் சுத்தி இருக்கிற ஃபோம் ஓரத்தை விரலால தொட்டுப் பாருங்க. பழசானா பொடிப்பொடியா உதிரும். ரிமோட், செட்டிங் மைக் ரெண்டும் கேட்டு வாங்குங்க. ஒயர்ல ஏமாறாதீங்க, காப்பர்னு சொல்லி காப்பர் பூசின அலுமினியத்தைக் கொடுப்பாங்க. வீட்டு வயரிங்குக்குப் போடுற 1.5 ஸ்கொயர் எம்.எம் காப்பர் ஒயரே எங்க ஹாலுக்குத் தாராளம்.

டிசம்பர்ல நடு ஸ்பீக்கர், 3,500. அதோட ஒரு பெரிய ஜமுக்காளமும் ஜன்னலுக்குக் கனமான திரையும், 1,300. டைல்ஸ் தரை, வெறும் சுவர்னா வசனம் எதிரொலிச்சுக் குழம்பும். மொத்த செட்லயும் அதிகமா மதிப்பு கொடுத்தது இந்த 1,300-தான்னு நான் சொல்வேன், தம்பி ஒத்துக்க மாட்டான். ரிசீவர்ல நடு சேனலை மட்டும் 3 டெசிபல் ஏத்தி வச்சோம். அன்னைக்கு ராத்திரி அப்பா ஒரு பழைய படத்தை டிவியில பார்த்துட்டு, "இந்தக் காமெடியில இப்படி ஒரு வரி இருக்கா?"ன்னு கேட்டார். வால்யூம் அம்மாவுக்கும் ஒத்துவந்துச்சு.

அடுத்தது சப்ஊஃபர்னு தம்பி நாள் எண்ணிக்கிட்டிருந்தான். மார்ச்ல அப்பாவே கேட்டார், "டிவியில புரியுது. ஆனா உங்கம்மா அடுப்படியில இருந்து பேசுறது புரியலையே, அந்த மெஷின் என்ன விலை?"

18,000. தம்பி கணக்குல 10,200 இருந்துச்சு. அவன் 9,000 எடுத்தான், நான் 9,000 போட்டேன். காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி கிடையாது, பில்லுல வரி போட்டிருந்தா கேளுங்க. 12 மாச இ.எம்.ஐ ஓடிக்கிட்டிருந்தா அந்த மார்ச்ல அவன்கிட்ட 9,000 இருந்திருக்காது. அவனே சொன்னது இது, நான் சொல்லலை.

ஜி.எஸ்.டி பேச்சு வந்ததால ஒண்ணு. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 32 இஞ்சுக்கு மேல உள்ள டிவிக்கு 28% வரி 18% ஆச்சு. 32,000-க்கு வித்த டிவி 29,500 ஆகணும். பத்து சதவீதம்னு 3,200 குறையும்னு எதிர்பார்க்காதீங்க, வரி போடுறது அடிப்படை விலையான 25,000 மேல. ஸ்பீக்கர், சவுண்ட்பார், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் ஏற்கனவே 18%-லதான் இருந்துச்சு. அதுக்கும் "வரி குறைப்பு ஆஃபர்"னு போர்டு வச்சிருந்தா அது வெறும் போர்டு.

மே மாசம் பழைய சப்ஊஃபர், 6,500. ஜூன்ல பின்னாடி ரெண்டு சின்ன ஸ்பீக்கர், 2,800. கூட்டிப் பாருங்க, சரியா 30,000. சப்ஊஃபர் மூலையில இருந்தா அதிரும்னு சொல்லி, அப்பாவே இழுத்து இழுத்து இடம் மாத்தி வச்சார். பின் ஸ்பீக்கருக்கு ஆணி அடிச்சதும் அவர்தான், நாற்காலி மேல ஏறி. அம்மா திட்டத் திட்ட இறங்கலை.

முழு செட்டையும் ஆடி கடைசி வெள்ளிக்கு லீவுல போய்க் கேட்கலாம்னு நான் டிக்கெட் போட்டேன். தெருமுனையில குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தாங்க. வீட்டுக்குள்ள பேசுறதே கேட்கலை, படம் எங்க பார்க்கிறது? அப்பா மெஷினைக் கழட்டிச் சட்டைப்பைல போட்டுட்டு, திண்ணையில உட்கார்ந்து, "ஆம்ப்ளிஃபையர்ல ட்ரெபிளைக் கூட்டி வச்சிருக்கான், பாரு"ன்னு தம்பிகிட்ட குறை சொல்லிக்கிட்டிருந்தார். ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் 5.1 கேட்டோம்.