தொலைக்காட்சி விளம்பர இசையும் ராயல்டி வசூலும்: சட்ட உரிமையும் நடைமுறை இடைவெளியும்

ஆய்வுச் சுருக்கம்

தொலைக்காட்சி விளம்பரங்களுக்கு இசையமைப்போரும் பாடல் இயற்றுவோரும் பெறத்தக்க ராயல்டியின் சட்ட அடிப்படையையும், அதனை வசூலிக்கும் முறையையும் இக்கட்டுரை இந்தியச் சூழலில் விளக்குகிறது. 2012ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் படைப்பாளிக்கு உரிமையை வழங்கியுள்ளது. ஆயினும் ஒளிபரப்பையும் படைப்பையும் இணைக்கும் பதிவு இல்லாதவிடத்து அவ்வுரிமை வருவாயாக மாறுவதில்லை என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: விளம்பர இசை, பதிப்புரிமை, ராயல்டி, நிகழ்த்துரிமை, ஒளிபரப்புப் பதிவு

முன்னுரை

விளம்பர இசை நொடிக்கணக்கில் அளக்கப்படும் கலை. எனினும் ஒரே நாளில் பல அலைவரிசைகளில் பலமுறை ஒலிப்பது அதன் இயல்பு. ஏ.ஆர்.ரகுமான் 'ரோஜா' (1992) திரைப்படத்திற்கு முன்பே விளம்பரங்களுக்கு இசையமைத்து வந்தவர். பிற்காலத்தில் ஏர்டெல் நிறுவனத்திற்கு அவர் அமைத்த மெட்டு அந்நிறுவனத்தின் ஒலி அடையாளமாகவே நிலைபெற்றது. இத்தகைய மெட்டு ஒளிபரப்பாகும் ஒவ்வொரு முறையும் அதனைப் படைத்தவருக்கு உரியது யாது என்னும் வினா இங்கு எழுகிறது.

இருவகைக் கட்டணங்கள்

விளம்பர இசை தொடர்பான கட்டணங்கள் இருவகைப்படும். முதலாவது, இசையைக் காட்சியுடன் இணைப்பதற்கான அனுமதிக் கட்டணம். முன்பே வெளிவந்த திரைப்பாடலை விளம்பரத்தில் பயன்படுத்த வேண்டுமெனில் மெட்டு, பாடல் வரிகள், ஒலிப்பதிவு ஆகிய மூன்றின் உரிமையாளரிடமும் இசைவு பெறல் வேண்டும். பாடலைப் புதிதாகப் பாடிப் பதிவுசெய்தால் பழைய ஒலிப்பதிவுக்கான இசைவு தேவைப்படாது. இக்கட்டணம் பேச்சுவார்த்தையால் முடிவு செய்யப்படுவது.

இரண்டாவது, ஒளிபரப்பினால் விளையும் நிகழ்த்துரிமை ராயல்டி. இதனைச் செலுத்தும் பொறுப்பு இசையைப் பொதுமக்களிடம் சேர்க்கும் அலைவரிசையைச் சார்ந்தது. முதற்கட்டணத்தைப் பெற்றதாலேயே இரண்டாவது தீர்ந்துவிட்டதாகக் கருதுவது பிழையாகும்.

சட்ட நிலை

திரைப்படத் தயாரிப்பாளர் ஊதியம் அளித்து உருவாக்கச் செய்த பாடலுக்கும் இசைக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், அவரே முதல் உரிமையாளர் என உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. இந்நிலையை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றியமைத்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, திரைப்படத்தில் இடம்பெறும் இலக்கிய, இசைப் படைப்பின் ஆசிரியர், திரையரங்கக் காட்சி நீங்கலான பிற பயன்பாடுகளுக்கு, உரிமை மாற்றிப் பெற்றவருடன் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் ராயல்டியை விட்டுக்கொடுக்க இயலாது. சட்டப்படியான வாரிசுகளுக்கும் பதிப்புரிமைச் சங்கத்திற்கும் மட்டுமே அதனை மாற்றித் தரலாம். இதற்கு மாறான உடன்பாடு செல்லாது.

இவ்விதி விளம்பரத்திற்குப் பொருந்துமா? சட்டத்தின் 2(எஃப்) பிரிவு, காட்சிப்பதிவாக அமையும் எப்படைப்பையும் திரைப்படம் என வரையறுக்கிறது; கால அளவையோ கதையையோ அது நிபந்தனையாக்கவில்லை. எனவே முப்பது நொடி விளம்பரமும் இவ்வரையறைக்குள் அடங்கும் எனக் கொள்ள இடமுண்டு. அவ்வாறு கொள்ளின், ஒரே தொகையில் அனைத்து உரிமைகளையும் எழுதிவாங்கும் ஒப்பந்தங்கள் படைப்பாளியின் ராயல்டிப் பங்கைப் பறிக்க இயலாது.

வசூல் முறையும் இடைவெளியும்

இந்தியாவில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், இசை வெளியீட்டாளர் ஆகியோரின் சார்பில் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் (ஐ.பி.ஆர்.எஸ்.) ராயல்டியை வசூலிக்கிறது. 1969இல் தொடங்கப்பட்ட இச்சங்கம், திருத்தப்பட்ட சட்டத்தின்கீழ் 2017இல் மீண்டும் பதிவு பெற்றது. சங்கங்கள் பொதுவாகத் தம் படைப்புத் தொகுப்பு முழுமைக்கும் ஒரே உரிமம் வழங்கி, பெற்ற தொகையைப் பயன்பாட்டுப் பதிவுகளின் அடிப்படையில் பகிர்ந்தளிக்கும்.

இடர் பகிர்வில்தான் தோன்றுகிறது. நிகழ்ச்சிகளுக்கு இசைப் பயன்பாட்டுப் பட்டியல் ('க்யூ ஷீட்') தயாரிக்கும் வழக்கம் உண்டு. விளம்பரமோ ஒளிபரப்புப் பதிவேட்டில் பொருளின் பெயராலும் கால அளவாலும் குறிக்கப்படுவது. இசையமைத்தவர் பெயர் அதில் இடம்பெற வேண்டிய தேவை எழுவதில்லை. ஒரே விளம்பரம் பல கால அளவுகளிலும் பல மொழிகளிலும் வெளியாகும்போது சிக்கல் மிகுகிறது. மெட்டு ஒருவருடையதாகவே இருக்க, பாடலாசிரியர் மொழிதோறும் மாறுவர். ஆகவே ஒவ்வொரு வடிவமும் தனித்தனியே பதிவுசெய்யப்பட வேண்டும்.

பிரித்தானியாவில் ஒவ்வொரு தொலைக்காட்சி விளம்பரமும் 'கிளாக் எண்' என்னும் தனி அடையாள எண்ணைப் பெறுகிறது. இசையைச் சங்கத்தில் பதிவுசெய்யும்போது அவ்வெண்ணும் தரப்படுவதால், ஒளிபரப்புப் பதிவேட்டிலிருந்து படைப்பாளியைக் கண்டறிய முடிகிறது. அமெரிக்காவில் 'ஆட்-ஐடி' என்னும் குறியீடு இத்தகைய அடையாளமாகப் பயன்படுகிறது.

முடிவுரை

விளம்பர இசைப் படைப்பாளியின் சிக்கலைச் சட்டத்தின் குறையாக மட்டும் காண்பது போதாது. உரிமை ஒப்பந்தத்தால் அழியாத நிலையிலும் பதிவின்மையால் பயனற்றுப் போகலாம். ஒப்பந்தம் செய்யும்போதே படைப்பாளர் பெயர்களும் பங்கு விகிதமும், விளம்பரத்தின் மொழி மற்றும் கால அளவு வடிவங்களும் பொது அடையாள எண்ணுடன் பதிவாதல் வேண்டும். அலைவரிசைகளின் பதிவேடும் அதே எண்ணைத் தாங்கினால், சட்டம் அளித்த சமபங்கு படைப்பாளியின் கைக்கு எட்டும்.